சாம்பு பாக்கெட்டும் ஹெட்செட்டும்: விலக்கப்பட்ட பொருள்களின் கதை

1

"சோத்துக்கு வழியில்லாதவனுக்கு சாம்பு ஒரு கேடா? காதுல ஹெட்செட்டு வேற!"

இந்த வசனத்தை நான் ரெண்டு இடத்தில் கேட்டிருக்கிறேன். ஒன்று, எங்கள் ஊர்த்தெரு டீக்கடை. இன்னொன்று, நகரத்தில் நடந்த ஒரு முற்போக்கு இலக்கியக் கூட்டம். டீக்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். கூட்டத்தில் பேசியவர் 'நுகர்வுக் கலாச்சாரம்', 'பன்னாட்டு மூலதனம்', 'சேரி இளைஞர்களின் சீரழிவு' என்று நாகரிகமாகச் சொன்னார். பாஷைதான் வேறு. ரெண்டு பேர் கண்ணையும் உறுத்தியது ஒரே பையன்தான். கொத்து வேலைக்கோ பெயிண்ட் வேலைக்கோ போய் வந்த காசில் தலைக்கு சாம்பு போட்டு, முகத்தில் ஏதோ ஒரு க்ரீமைத் தடவி, காதில் புளூடூத்தை மாட்டிக்கொண்டு தெருவில் நடந்து போகிற காலனிப் பையன்.

கூட்டத்தில் பேசியவர் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். கூடத்தில் பழைய ரெக்கார்ட் பிளேயரும் இசைத்தட்டுகளும் அடுக்கியிருக்கும். அதுக்குப் பேர் 'ரசனை'. நம்ம பையன் காதில் ஆயிரம் ரூபாய்க்கு ஒன்று இருந்தால் அதுக்குப் பேர் 'நுகர்வு'.

இதனால் கம்பெனிக்காரன் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. அவனுடைய கணக்கையும் பார்க்கத்தான் போகிறோம். ஆனால் மலிவு விலை அழகுச் சாமானும் மலிவு விலைப் பாட்டுச் சாமானும் தலித்துகளின் கைக்கு வந்த கதையை 'சீரழிவு' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்க முடியாது. அது வேறு இடத்தில் ஆரம்பிக்கிற கதை.

2

அந்த இடம் ராமநாதபுரம் ஜில்லா. வருஷம் 1930, டிசம்பர் மாதம். அங்கிருந்த கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை ஏற்ற ஹட்டன், 'இந்தியாவில் சாதி' என்று 1946-ல் வெளியான தன் புத்தகத்தில் இந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். தங்க நகை, வெள்ளி நகை கூடாது. ஆம்பளைகள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு ஆகாது. பொம்பளைகள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. இவற்றோடு இன்னொன்று: பெண்கள் பூ வைக்கக்கூடாது, மஞ்சள் பூசக்கூடாது. ஆங்கிலத்தில் ஹட்டன் போட்டிருக்கும் சொல் குங்குமப்பூவைக் குறிப்பது. அந்தக் காலத்து மெட்ராஸ் இங்கிலீஷில் மஞ்சளுக்கும் அதே சொல்தான்.

எட்டுத் தடைக்கு ஜனங்கள் கட்டுப்படவில்லை. அடிதடி நடந்தது. 1931 ஜூனில் நாட்டார்கள் மறுபடியும் கூடித் தடைகளைப் பதினொன்றாக்கினார்கள். அதில் ஒன்று: கல்யாணத்திலும் மற்ற விசேஷங்களிலும் ஆதிதிராவிடர்கள் மேளம் முதலான வாத்தியங்களை வைக்கக்கூடாது.

பூ, மஞ்சள், மேளம். இன்றைய கம்பெனி பாஷையில் சொன்னால் அழகுச் சாதனமும் ஒலிச் சாதனமும். மற்றவர்களுக்கு இவை எப்போதுமே வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்கும் பொருள்கள். நமக்கோ காசிருந்தாலும் விலக்கப்பட்டவை. சாதி என்பது உழைப்பைத் திருடுவதோடு நிற்பதில்லை. உடம்பு எப்படித் தெரியணும், சத்தம் எவ்வளவு தூரம் கேட்கணும் என்பதையும் அதுதான் அளந்து வைக்கிறது.

பாபாசாகேப் இதை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார். 1927 டிசம்பரில் மகத்தில், மனுஸ்மிருதியை எரித்த அந்த நாள்களில், பெண்களிடம் தனியாகப் பேசினார். சாதி இந்துப் பெண்கள் கட்டுவதுபோல் சேலையைக் கட்டச் சொன்னார். கையிலும் காலிலும் சுமந்துகொண்டிருந்த மட்டமான உலோக நகைகளைக் கழற்றச் சொன்னார். சண்டாளனுக்கு இரும்புதான் நகை, செத்தவன் துணிதான் உடை என்று மனு எழுதி வைத்திருக்கிறானே, அதுக்கு நேர்ப் பதில் இது. உடுப்பிலும் அலங்காரத்திலும் அரசியல் இல்லை என்று இனி யாராவது சொன்னால், மகத்துக்குப் போய் வரச் சொல்லுங்கள்.

3

இப்போது பழைய தென்னாற்காட்டுக்கு வருவோம். எங்கள் ஜில்லா கடலூர்தான் சாம்பு பாக்கெட்டின் பிறந்த வீடு. சின்னிகிருஷ்ணன் என்பவர் பணக்காரர் வாங்கும் பொருளைச் சின்னச் சின்ன அளவில் கட்டி ஏழைக்கும் விற்கணும் என்று யோசித்தவர். அவருடைய பிள்ளைகள் 'வெல்வெட்' ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார்கள். அவர்களில் ஒருவரான சி. கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தனியாக வந்து 'சிக்' ஷாம்பு போட்டார். தகப்பனார் பெயரின் சுருக்கம்தான் சிக். பின்னால் 'கவின்கேர்' என்று பெரிய கம்பெனியாகி, 1999-ல் 50 காசுக்கும் பாக்கெட் விட்டது. நாட்டின் பெரிய கம்பெனிகளெல்லாம் கடலூர்க்காரரைப் பார்த்துத்தான் பாக்கெட் வியாபாரத்தைக் கற்றுக்கொண்டன.

எங்கள் தெருவில் தலைக்குச் சீயக்காய் வாய்ப்பது தீபாவளிக்கு. மற்ற நாளில் துணி துவைக்கிற சவுக்காரக் கட்டிதான். ஊர்த்தெரு மளிகைக் கடையில் நாங்கள் வாசலுக்கு வெளியே நிற்கணும். காசைத் திண்ணை ஓரத்தில் வைக்கணும். எண்ணெய் வாங்கப் போனால் நம்ம கிண்ணத்தில் அவர் அளவுக்குவளை பட்டுவிடாதபடி தூக்கி ஊத்துவார். பாதி வெளியே சிந்தும். சிந்தினது நம்ம கணக்கு. எங்க ஆயா தரையில் வழிந்த எண்ணெயை விரலால் வழித்துத் தலையில் தடவிக்கொண்டே வருவாள். "ஆண்ட ஊத்துன எண்ணயில பூமாதேவி பாதி குடிச்சிட்டா" என்பாள்.

சாம்பு பாக்கெட் வந்தபோது சங்கதி மாறியது. கடை முகப்பில் சரஞ்சரமாகத் தொங்கும். கடைக்காரர் ஒன்றைக் கிழித்துப் போடுவார். அளவுக்குவளை கிடையாது, கிண்ணம் கிடையாது, சிந்துவது கிடையாது. அவர் பெண்டாட்டிக்கு என்ன அளவோ அதே அளவு எங்க அக்காவுக்கும். மூடி ஒட்டிய அந்தப் பாக்கெட்டுக்குள் சாதி நுழையவில்லை. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துப் பெருமைப்பட்டேன். பிறகுதான் இன்னொன்று பிடிபட்டது. பாக்கெட் தீண்டாமையை உடைக்கவில்லை. தீண்ட வேண்டிய அவசியமே இல்லாமல் வியாபாரம் செய்ய வழி பண்ணிக் கொடுத்தது. காசு அப்போதும் திண்ணை ஓரத்தில்தான் இருந்தது.

ரங்கநாதன் பேட்டிகளில் சொல்லியிருக்கும் ஒரு சம்பவம் உண்டு. சாம்புன்னா என்னவென்றே தெரியாத கிராமங்களில் ஒரு சின்னப் பையனை உட்கார வைத்து, எல்லோர் முன்னாலும் தலைக்கு சாம்பு போட்டுக் கழுவிக் காட்டுவார்களாம். பிறகு கூடியிருக்கும் ஜனங்களை அந்தத் தலைமுடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வார்களாம், மோந்து பார்க்கச் சொல்வார்களாம். ரஜினி படம் போட்டு நடுவில் விளம்பரம் காட்டுவதும் உண்டு. வியாபாரப் பாடம் நடத்துகிறவர்களுக்கு இது 'புதுமையான உத்தி'. நமக்கு இதைப் படித்தவுடன் வருகிற கேள்வி வேறு. அந்தப் பையன் யார் வீட்டுப் பிள்ளை? வேன் ஊர்த்தெருவில் நின்றதா, காலனியில் நின்றதா? நம்ம பிள்ளை தலையை ஊர் ஜனம் தொட்டு மோந்து பார்த்திருந்தால் அது பெரிய கலகம் அல்லவா! அப்படி எங்காவது நடந்திருந்தால் அதுதான் இந்தக் கதையிலேயே எழுதி வைக்க வேண்டிய பகுதி. பேட்டி எடுத்தவர்களுக்கு அந்தக் கேள்வி தோணவில்லை. விற்பனை எவ்வளவு கூடியது என்றுதான் கேட்டார்கள்.

காலிப் பாக்கெட்டுகளைச் சேர்த்துக் கொடுத்தால் புதுப் பாக்கெட் இனாம் என்றும் ஒரு திட்டம் இருந்தது. ஊர்க் குளத்தங்கரையிலும் குப்பைமேட்டிலும் காலிப் பாக்கெட் பொறுக்கியது எந்தத் தெருப் பிள்ளைகள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பொறுக்கியதில் நானும் ஒருவன். எங்க அக்கா முதல்முதலாகச் சாம்பு போட்டுக் குளித்தது அப்படி வந்த இனாமில்தான். அன்றைக்கு அவள் தலையை உலர்த்துகிற சாக்கில் தெருவை நாலு தடவை சுற்றி வந்தாள்.

4

பாட்டுச் சாமானின் கதையும் இதே காலத்ததுதான். 1979-ல் ஜப்பானில் சோனி 'வாக்மேன்' வந்தது. அது நமக்கு எட்டாத தூரம். நம்மிடம் வந்தது கேசட். 1983-ல் டில்லியில் குல்ஷன் குமார் தொடங்கிய 'டி சீரிஸ்', மலிவுக் கேசட்டுகளைப் பெட்டிக்கடை வரை கொண்டுபோய் விற்றது. அதுவரை இசைத்தட்டு என்றால் எச்.எம்.வி. என்றிருந்த ஏகபோகம் உடைந்தது. பெரிய கம்பெனி சீந்தாத வட்டாரப் பாட்டும், சின்னச் சின்ன ஜனங்களின் பாட்டும் பதிவாக வழி பிறந்ததை பீட்டர் மானுவல் 1993-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். அம்பேத்கர் பாட்டுகள் கேசட்டாகி ஊர் ஊராகப் போனதும் அப்படித்தான்.

எங்கள் காலனிக்கு முதல் டேப்ரிக்கார்டர் கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. அங்கே சுரங்கத்தில் வேலை பார்த்த மாமா லீவில் வரும்போது தோளில் சுமந்துகொண்டு வந்தார். பொங்கலுக்கு அதைக் கூரைமேல் வைத்து, பெட்டி ஸ்பீக்கரை இணைத்துப் பாட்டுப் போட்டார். சாயங்காலம் ஊரிலிருந்து ஒருத்தர் வந்து வரப்பிலேயே நின்றார்.

"இன்னாடா, பாட்டு ஊரு வரைக்கும் வருது?"

மாமா சொன்னார்: "அதுவா நடந்து வருது ஆண்ட. நான் இன்னா பண்ணட்டும்?"

தெருவே சிரித்தது. ராத்திரி யாரோ ஒயரை அறுத்துவிட்டுப் போனார்கள். மாமா மறுநாள் ஒயரை முறுக்கி டேப் ஒட்டி மறுபடியும் போட்டார்.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் கொடியங்குளம். 1995 ஆகஸ்ட் 31 அன்று சுமார் 600 போலீஸார் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். வளைகுடா நாடுகளில் உழைத்து அனுப்பிய காசில் கொஞ்சம் தலைநிமிர்ந்த ஊர் அது. டி.வி., டேப்ரிக்கார்டர், மின்விசிறி, தையல் மிஷின் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கினார்கள். பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழ்களையும் கிழித்தார்கள். கிணற்றுத் தண்ணீரைப் பாழாக்கினார்கள். குற்றவாளியைத் தேடி வந்த போலீசுக்கு டேப்ரிக்கார்டரில் என்ன வேலை? 1931-ன் பதினொரு தடைகளைக் காக்கிச் சட்டை போட்டு அமல்படுத்தினார்கள் என்றுதான் நான் படிக்கிறேன்.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் மூன்று காலனிகளில் 250-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. அந்த வருஷக் கடைசியில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸ் பேண்டும் டீ-சர்ட்டும் கூலிங் கிளாசும் போட்டுக்கொண்டு வேற்றுச் சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். கவனியுங்கள், மறுபடியும் ஒரு உடுப்புப் பட்டியல். 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஷீரடியில், செல்போனில் அம்பேத்கர் பாட்டு அழைப்பு மணியாக ஒலித்ததற்காக, நர்சிங் படித்துக்கொண்டிருந்த ஒரு தலித் இளைஞரை அடித்தே கொன்றார்கள். அங்கே குற்றம் செல்போன் வைத்திருந்தது இல்லை. அதிலிருந்து வந்த சத்தம்.

இந்த இடத்தில் வந்து நிற்கிறது இன்றைய ஹெட்செட். 2016-ல் அமன் குப்தா, சமீர் மேத்தா என்ற இருவர் தொடங்கிய 'போட்' கம்பெனி, மலிவு விலைக்கு இயர்போன் விற்று நாடெங்கும் பரவியது. அதன் விளம்பர வாசகத்தில் 'நிர்வாணா' என்ற சொல் வரும். அதே பெயரில் இயர்போன் வரிசையும் உண்டு. பௌத்தத்தின் சொல்லை எடுத்துக் காதை அடைத்துக்கொள்ளும் சாமானுக்குப் பேராக வைத்திருக்கிறார்கள். 1957-ல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் பாபாசாகேப் சொல்வது வேறு. ஒரு மனுஷன் தனியாக இருந்தால் அவனுக்குத் தம்மம் தேவைப்படாது. ரெண்டு பேர் சேர்ந்து வாழ வேண்டியிருந்தால் தம்மம் இல்லாமல் தீராது. கம்பெனி விற்கும் நிர்வாணமோ ஒற்றை ஆளுக்கானது. பக்கத்தில் இருப்பவன் குரல் கேட்காமல் இருப்பதுதான் அதன் சிறப்பு.

நம்ம பிள்ளைகளுக்கு அது நிழல் தருகிறது, மறுக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிடாமல் சாதி சொல்லிக் கூப்பிடுகிற தெருவில் காதை மூடிக்கொண்டு நடப்பது ஒரு தற்காப்பு. ஆனால் மாமா கூரைமேல் வைத்த பாட்டு, இப்போது காதுக்குள் மடங்கிவிட்டது. நம்ம பாட்டு ஊர் காதில் விழாதபடி பார்த்துக்கொள்ள நாமே காசு கொடுத்து ஒரு சாமான் வாங்கியிருக்கிறோம். ஒயரை அறுக்க இனி யாரும் ராத்திரியில் வர வேண்டியதில்லை. ஒயரே இல்லையே!

5

சாம்பையும் டேப்பையும் பற்றிப் பேசும்போது கம்பெனிக்குக் கொஞ்சம் பரிந்து பேசினேன். முகத்துக்கு வந்தால் அது முடியாது.

1975-ல் இந்துஸ்தான் லீவர் 'ஃபேர் அண்ட் லவ்லி'யைக் கொண்டுவந்தது. அதுவும் பிற்பாடு பாக்கெட்டில் வந்து மூலை முடுக்கெல்லாம் போனது. அதன் விளம்பரங்களைப் பிரதியாக வைத்து வாசித்தால் கதை ஒன்றுதான். கறுத்த பெண்ணுக்கு வாழ்வில்லை. அப்பன் ஏங்குகிறான். க்ரீம் வருகிறது. பெண் வெளுக்கிறாள். வேலை கிடைக்கிறது, மாப்பிள்ளை கிடைக்கிறான். மகன் இல்லையே என்று அப்பன் ஏங்க, மகள் வெளுத்து விமானப் பணிப்பெண் ஆகிற விளம்பரத்தை அனைத்திந்திய ஜனநாயக மாதர் சங்கம் எதிர்த்துப் போராடியது. 2003-ல் அது நின்றது. 1998-ல் நம்ம கடலூர்க் கம்பெனியும் 'ஃபேர்எவர்' என்று ஒன்று விட்டது. அதில் குங்குமப்பூவும் பாலும் இருப்பதாக விளம்பரம். 1930-ல் நம்ம பாட்டிகள் பூசக்கூடாது என்று தடுத்த அதே சொல், எழுபது வருஷத்தில் திரும்பி வந்து, இதைப் பூசினால்தான் நீ மனுஷி என்கிறது!

2009-ல் சென்னையிலிருந்து 'கறுப்பும் அழகே' என்ற இயக்கம் கிளம்பியது. 2019-ல் ஃபேர் அண்ட் லவ்லி அட்டையிலிருந்து நிற அளவுப் பட்டையை எடுத்தார்கள். 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டை போலீஸ் கொன்று உலகமே கொதித்த பிறகு, பெயரில் இருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. நாற்பத்தைந்து வருஷம் இங்கே கறுத்த பெண்கள் அழுதது கம்பெனி காதில் விழவில்லை. எந்த ஹெட்செட் மாட்டியிருந்தார்களோ!

எங்க அக்கா பதினெட்டு வயசில் ஒரு க்ரீம் வாங்கினாள். எந்தக் க்ரீம் என்பது முக்கியமில்லை. களை எடுத்த கூலியில் வாங்கி, அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். ராத்திரி தடவிக்கொண்டு காலையில் கண்ணாடி பார்ப்பாள். வெயிலில் களை எடுக்கிறவளுக்கு எந்தக் க்ரீம் வெளுப்புத் தரும்? ஒருநாள் அம்மாவிடம் அவள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது: "ஏம்மா, வெள்ளையாயிட்டா நம்மள காலனின்னு கண்டுபுடிக்க மாட்டாங்க இல்ல?"

அழகாகணும் என்று அவள் ஆசைப்படவில்லை. தெரியாமல் போகணும் என்று ஆசைப்பட்டாள். நிறத்துக்கும் சாதிக்கும் நேர்க்கணக்கு கிடையாது. ஊர்த்தெருவிலும் கறுத்தவர்கள் உண்டு, காலனியிலும் சிவந்தவர்கள் உண்டு. ஆனாலும் அவமானம் தோலில்தான் வந்து உட்காருகிறது. அந்த அவமானத்தைக் கம்பெனி உண்டாக்கவில்லை. சாதி உண்டாக்கி வைத்ததைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து நமக்கே விற்றது.

6

ஆகவே 'வாங்காதே' என்று நம்ம பிள்ளைகளுக்கு நான் சொல்லமாட்டேன். வாங்காதே என்று சொன்னவர்களின் பட்டியலைத்தான் மேலே பார்த்தோமே. அதில் நம் பேரும் சேர வேண்டாம். ஒவ்வொரு சாமானையும் கையில் எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும்: இது என்னை வெளியே காட்டுகிறதா, ஒளிக்கிறதா? அக்கா தலையை உலர்த்திக்கொண்டு தெருவைச் சுற்றிய சாம்பு காட்டியது. அரிசிப் பானைக்குள் இருந்த க்ரீம் ஒளித்தது. மாமாவின் டேப் காட்டியது. ஹெட்செட் ரெண்டும் செய்யும், வைத்திருப்பவரைப் பொறுத்து.

அக்கா மகள் சிதம்பரத்தில் படிக்கிறாள். ஒருதரம் ரெண்டு பேரும் பஸ்ஸில் வந்தோம். காதில் மாட்டியிருந்தாள். "இன்னாம்மா கேக்கற?" என்றேன். ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தாள். பறை அடி, மேலே பாபாசாகேப் பாட்டு.

"வெளியதான் போடேன்."

"பஸ்லயா? யாரு மாமா அடி வாங்கறது?" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஷீரடிப் பையன் ஞாபகம் வந்தது.

ஏப்ரல் 14-க்கு ஊருக்குப் போயிருந்தேன். காலனி முனையில் அண்ணல் படத்துக்கு மாலை போட்டு, ஆளுயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி வைத்திருந்தார்கள். அக்கா மகள் தலை நிறையப் பூ வைத்து, முகத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு வந்தாள். ஹெட்செட்டைக் கழற்றித் தன் அம்மா கையில் கொடுத்துவிட்டு, போனை ஸ்பீக்கர் பெட்டியோடு இணைத்தாள். பஸ்ஸில் கேட்ட அதே பாட்டு. வயசான மாமா திண்ணையில் உட்கார்ந்து காதை ஊர்ப்பக்கம் திருப்பிக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் ஏத்து கண்ணு," என்றார். "அங்கேர்ந்து இன்னும் யாரும் வரக்காணமே."